உருளை இன்னும் எதுவும் பேசவில்லை

ஞாயிறு காலை,
சாப்பாட்டு மேசையின் காய்ந்த பகுதியிலிருந்து.

டிக்கெட் எடுக்காதவரை அவர் உட்கார்ந்திருக்கும் விதத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும் என் அன்புள்ள சித்திக்கு, உங்கள் அக்கா மகள் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நான், அம்மா, அப்பா, உங்கள் மகள் உருளை ஆகிய நால்வரும் நலம். தையல் மெஷின் தேறி வருகிறது. சமையலறைச் சுவர் சுமார். அங்கே பயிற்சி விடுதியில் நீங்களும் உங்கள் புதிய டிக்கெட் பரிசோதகர் தொப்பியும் சுகம்தானே. நீங்கள் இந்தக் கடிதத்தைப் பிரித்ததும் முதலில் எதைத் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உருளை இன்னும் எதுவும் பேசவில்லை.

தினமும் சாயங்காலம் போனில் பேசும்போது இதை நான் ஏன் தெளிவாகச் சொல்லவில்லை என்று நீங்கள் கேட்கலாம். போன் என் கைக்கு வருவதே கடைசி அரை நிமிடம்தான். அதற்கு முன் அம்மா, "எல்லாம் நல்லா இருக்கு, சாப்பிட்டா, தூங்கினா, நீ நல்லா படி" என்று மூன்றரை நிமிடம் பேசிவிடுகிறார். முந்தாநாள் நீங்கள், "ஏண்டி உன் குரல் ஒரு மாதிரி இருக்கு, அங்க என்ன நடக்குது?" என்று கேட்டீர்கள் அல்லவா. அப்போதே முடிவு செய்தேன், நடந்ததையெல்லாம் வரிசையாக எழுதிவிட வேண்டும் என்று. எழுதும்போது குரல் ஒரு மாதிரி இருக்காது.

போன ஞாயிற்றுக்கிழமை பஸ் கிளம்பும்போது நீங்கள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் காதைப் பிடித்துக்கொண்டு சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "பல்லு முளைச்சப்போ இவங்கப்பா கப்பல்ல இருந்தாரு. நடந்தப்போ நான் டியூட்டில இருந்தேன். பேசுறப்பவாவது நான் பக்கத்துல இருக்கணும். பன்னெண்டு நாள்தான். நான் வர்ற வரைக்கும் இவளைப் பேச விடாம பாத்துக்கோ புலவரே." நீங்கள் சிரித்துக்கொண்டேதான் சொன்னீர்கள். ஆனால் காதை விடவில்லை. பஸ் நகர்ந்த பிறகுதான் விட்டீர்கள். உருளை முதலடி வைத்த செய்தியை அம்மா போனில் சொன்னபோது நீங்கள் கடைசி நிறுத்தத்தில் காலி பஸ்ஸின் பின் சீட்டில் கண்டக்டர் பையோடு உட்கார்ந்து அழுததாக உங்கள் டிரைவர் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அதனால் இதை நான் வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ளவில்லை. பொறுப்பாக எடுத்துக்கொண்டேன். நடந்த எல்லாவற்றுக்கும் காரணம் அந்தப் பொறுப்புதான் என்பதை நீங்கள் படிக்கும்போது அடிக்கடி நினைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அன்றைக்கே நூலகத்துக்குப் போனேன். இருபத்திரண்டு மாதக் குழந்தையைப் பேச வைப்பது எப்படி என்று ஓர் அலமாரி முழுக்கப் புத்தகங்கள் இருக்கின்றன. பேசாமல் வைத்திருப்பது எப்படி என்று ஒன்றுகூட இல்லை. கடைசியில் பழைய குழந்தை வளர்ப்பு இதழ் ஒன்றில் 'சமையலறையே பொம்மைக்கடை' என்ற கட்டுரை கிடைத்தது. வீட்டில் இருக்கும் பொருட்களுக்கு வண்ணம் ஏற்றிக் குழந்தையைத் தொடவும், பிசையவும், கொட்டவும், அள்ளவும் விட வேண்டும் என்று அதில் இருந்தது. பழைய இதழ்களை வெளியே தர மாட்டார்கள் என்பதால் அங்கேயே உட்கார்ந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். முதல் பக்கம் முடிவதற்குள் நூலகர் சாவியை ஆட்டத் தொடங்கிவிட்டார். அந்தப் பக்கத்தின் கடைசி வாக்கியம் இது: 'இவ்விளையாட்டுகளில் ஈடுபடும் குழந்தை மெய்மறந்து, ஒலியின்றி, நெடுநேரம் தன் கைகளையே கவனித்துக்கொண்டிருக்கும்.' ஒலியின்றி என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். நமக்கு வேண்டியது அதுதானே சித்தி.

திங்கட்கிழமை வண்ண அரிசி. அரிசியை நான்கு கிண்ணங்களில் பிரித்து, பீட்ரூட் சாறு, கேரட் சாறு, கீரைச் சாறு, மஞ்சள்தூள் ஆகியவற்றில் தனித்தனியாகப் பிரட்டிக் காயவைத்து, ஒரு பெரிய தட்டில் கொட்டிக் குழந்தையிடம் கொடுக்க வேண்டும். நான் பிரட்டிக்கொண்டிருந்தபோது அப்பா பெயின்ட் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வருடமாக அட்டையைப் பார்த்து நிறம் கலக்கிக் கொடுப்பவர். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த அன்று அம்மா என்ன நிறத்தில் உடுத்தியிருந்தார் என்று கேட்டால் நிற அட்டையின் எண்ணைச் சொல்வார். கீரைச் சாற்றுக் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"புலவரே, இது என்னது?"

"பச்சைப்பா."

"இது பச்சை இல்லம்மா. காய்ச்சல் வந்த பச்சை. இதைப் பாத்து வளர்ற குழந்தைக்குப் பச்சைன்னா என்னன்னு எப்படித் தெரியும்? தள்ளு. ஒரு சொட்டு மஞ்சத் தண்ணி விட்டா எழுந்து உக்காந்துடும்."

ஒரு சொட்டு விட்டார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். "இன்னொரு சொட்டு." பிறகு கீரையில் ஒரு சொட்டு. பிறகு மறுபடியும் மஞ்சளில் ஒரு சொட்டு. உருளை அவர் முழங்கால் மேல் ஏறி நின்று, கரண்டி நுனியில் சொட்டு திரண்டு தொங்கி விழுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒலியின்றித்தான் பார்த்தாள், அதை நான் நோட்டில் குறித்துக்கொண்டேன். சாப்பாட்டு நேரம் முடிந்து அப்பா சாப்பிடாமலே கடைக்குத் திரும்பினார். அரிசி உண்மையிலேயே அழகாக இருந்தது சித்தி, பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. தட்டில் கொட்டி உருளை முன்னால் வைத்தேன். அவள் அரிசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு அரிசி இருந்த டப்பாவின் மூடியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு மணி நேரம் அந்த மூடியைத் திறக்க முயன்றாள். அது வெறும் மூடி, திறக்க அதில் ஒன்றும் இல்லை. அதைச் சொல்லிப் புரியவைக்க நான் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுப் போன நேரத்தில்தான் அவள் அரிசியை நினைத்துக்கொண்டு திரும்பி வந்து, இரண்டு கைகளாலும் தட்டைத் தலைக்கு மேல் தூக்கினாள். அம்மா அப்போது மெஷினுக்கு எண்ணெய் விடுவதற்காக மேல் பலகையைத் திறந்து வைத்திருந்தார். இன்றைக்கும் அம்மா வேகமாக மிதித்தால் மெஷின் ஓரமாக ஒரு சிவப்பு அரிசியைத் துப்புகிறது. "தைக்கிறதா, பரிமாறுறதா, எதையாவது ஒண்ணைச் சொல்லு, நான் அதுக்கு ஏத்த மாதிரி வாடிக்கையாளரைக் கூப்பிடுறேன்" என்று அம்மா சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை, ரொம்பவும் மெதுவாகச் சொன்னார், அதனால்தான் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சோளமாவுக் குழம்பல். சோளமாவில் அளவாகத் தண்ணீர் விட்டுக் கலந்தால் ஒரு விந்தையான பொருள் கிடைக்கும். குத்தினால் கல் மாதிரி இருக்கும், அள்ளிக் கையில் வைத்தால் விரல் இடுக்கில் ஒழுகிவிடும். பீட்ரூட் சாறு சேர்த்து இளஞ்சிவப்பாக்கித் தட்டில் ஊற்றி வைத்தேன். உருளை ஒரு விரலால் தொட்டாள், விரலை நக்கினாள், முகத்தைச் சுளித்தாள், மூடியைத் தேடிக்கொண்டு போனாள். 'என்னடி இது' என்று அம்மா வந்து ஒரு விரலை வைத்தார். பிறகு உள்ளங்கையை வைத்தார். பிறகு வளையலைக் கழற்றி வைத்துவிட்டு முழங்கை வரை விட்டார். அம்மாவுக்குத் தலைக்கு மேல் வேலை இருந்தது சித்தி, எதிர்ப்பக்கத்துப் பல் மருத்துவமனைக்கு ஆறு வெள்ளைக் கோட்டுகள் வியாழக்கிழமைக்குள் தைத்துத் தர வேண்டும். அப்படியிருந்தும் இருபது நிமிடம் எதுவும் பேசாமல் அள்ளுவதும் ஒழுகவிடுவதுமாக இருந்தார். அந்த நேரத்தில் பல் டாக்டரே கோட்டு அளவு சரிபார்க்க வந்தார்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் வாசலில் நின்று.

"குழந்தைக்கு விளையாட்டு" என்றார் அம்மா, கையை எடுக்காமல்.

"குழந்தை எங்க?"

அம்மா அப்போதுதான் சுற்றிலும் பார்த்தார். உருளை மேசைக்கு அடியில் மூடியை வைத்துக்கொண்டு தூங்கியிருந்தாள். டாக்டர் கைப்பையைக் கீழே வைத்தார். "ஒரு நிமிஷம் நான் தொட்டுப் பாக்கலாமா?" என்றார். மெய்மறந்து, ஒலியின்றி, நெடுநேரம் தன் கைகளையே கவனித்துக்கொண்டிருக்கும் என்று அந்தக் கட்டுரை சொன்னது முழுக்க உண்மை. வயதைத்தான் தவறாகப் போட்டுவிட்டார்கள். கோட்டு அளவை இருவருமே மறந்துவிட்டார்கள்.

புதன்கிழமை வண்ணப் பனிக்கட்டிகள். முந்தைய நாளே எல்லாச் சாறுகளையும் பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்திருந்தேன். இதில் என் தவறு ஒன்று உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். தட்டின் மேல் சீட்டு எழுதி ஒட்டவில்லை. விட்டுப்போன அளவை எடுக்க டாக்டர் மறுபடியும் வந்தபோது அம்மா அவருக்கு எலுமிச்சைச் சாறு கலந்து, குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று இரண்டு கட்டிகளைப் போட்டுக் கொடுத்தார். இரண்டும் பீட்ரூட். டாக்டர் ரொம்ப அழகாக இருக்கிறது என்று சொல்லி, கட்டியை வாயில் அடக்கிக்கொண்டே தெருவைக் கடந்து மருத்துவமனைக்குப் போனார். அங்கே வரிசையில் காத்திருந்தவர்களைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். பல்லெல்லாம் சிவப்பு, உதட்டோரம் ஒரு கோடு. உட்கார்ந்திருந்த ஐந்து பேரில் மூன்று பேருக்குப் பல்வலி அந்த நிமிடமே சரியாகிவிட்டதாம். எழுந்து போய்விட்டார்கள். உருளை பற்றிக் கேட்டால், அவளுக்கு அன்றைக்குப் பனிக்கட்டி மிகவும் பிடித்திருந்தது. பச்சைக் கட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு, அது உருகி முழங்கையிலிருந்து தரையில் விழுவதைப் பார்ப்பதற்காகவே கையை உயர்த்தி உயர்த்திப் பார்த்தாள். அப்பா பக்கத்தில் படுத்துக்கொண்டு எண்ணினார். "ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு. பாரு பாரு, வருது, வருது, சொட்டு." எதுவும் பேசவில்லை, அதாவது உருளை.

இனி வியாழக்கிழமை. சித்தி, உட்கார்ந்துகொண்டு படியுங்கள். கட்டுரையில் நான்காவதாக இருந்த விளையாட்டுக்கு 'கறையே படாத வண்ணப்பை' என்று பெயர். தடித்த பிளாஸ்டிக் பைக்குள் வண்ணக் கூழை ஊற்றி, வாயை இறுக ஒட்டி, ஜன்னல் கண்ணாடியில் பதித்துவிட வேண்டும். குழந்தை வெளியிலிருந்து அழுத்தி அழுத்திக் கோலம் போடும், உள்ளே வண்ணம் நகரும், கையில் ஒன்றும் ஒட்டாது. நான் இரண்டு கரண்டி கூழ் போதும் என்றுதான் நோட்டில் எழுதி வைத்திருந்தேன். அப்பா அன்று விடுப்பு எடுத்திருந்தார். ஜுரம் என்று கடையில் சொல்லியிருக்கிறார், தயவுசெய்து இதை வெளியே சொல்ல வேண்டாம். காலை ஆறு மணியிலிருந்து கேரட்டும் மஞ்சளும் சோளமாவும் வைத்துக்கொண்டு முந்நூற்றுப் பதினெட்டாம் எண் நிறத்தைக் கொண்டுவரப் பார்த்தார். அதற்குக் கடையில் 'மாலை வெயில்' என்று பெயராம். ஒவ்வொரு சொட்டாக விட்டுக் கடைசியில் அது வந்தேவிட்டது. ஆனால் வந்து சேர்வதற்குள் கூழ் ஒரு வாளி ஆகிவிட்டது. "இவ்வளவு நல்ல நிறத்தைக் கீழ ஊத்த மனசு வருமா?" என்று பை கொள்ளும் மட்டும் ஊற்றி, அதைத் தலையணை மாதிரி ஜன்னலில் ஒட்டினார். ஜன்னலுக்கு நேர் எதிரே கம்பியில் ஆறு வெள்ளைக் கோட்டுகள் இஸ்திரி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன. இதை நாங்கள் மூவருமே பார்த்தோம். மூவரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

உருளை முதலில் ஒரு விரலால் அழுத்தினாள். பிறகு உள்ளங்கையால். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு உங்கள் மகளுக்கு அந்தத் தலையணையின் மேல் தலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. பெஞ்சின் மேல் நின்று, இரண்டு அடி பின்னால் போய், தலையைக் குனிந்துகொண்டு வந்து முட்டினாள். பை பின்பக்கமாகக் கிழிந்திருந்தால் ஜன்னலோடு போயிருக்கும். அது முன்பக்கமாக வாய் திறந்தது. மாலை வெயில் அறையின் குறுக்கே பாய்ந்து சமையலறைச் சுவரிலும் கோட்டுகளின் மேலும் விழுந்தது. உருளை நெற்றியிலிருந்து கால்வரை முந்நூற்றுப் பதினெட்டு. அம்மா கதவருகே நின்றார். அப்பா கரண்டியோடு நின்றார். யாருக்கும் மூச்சே வரவில்லை. கோட்டின் ஓரத்திலிருந்து கூழ் திரண்டு, தொங்கி, தரையில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அப்போதும் உருளை எதுவும் பேசவில்லை.

அம்மா கோட்டுகளை வாரிக்கொண்டு குளியலறைக்கு ஓடி, சோப்புப் போட்டுத் தேய்த்தார். மஞ்சள் கலந்த கறையில் சோப்புப் பட்டால் அது சிவப்பாகும் என்று எங்கள் அறிவியல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஆறு கோட்டுகளும் ரத்தச் சிவப்பானதும் அதை அம்மாவிடம் விளக்கினேன். "இதை முன்னாடியே சொல்ல என்னடி?" என்றார். அப்போது கேட்கவில்லையே என்றேன். அது சரியான பதில் இல்லை என்று பிறகு புரிந்தது. மஞ்சள் கறை வெயிலில் வெளுத்துவிடும் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது, இதை மட்டும் உடனே சொல்லிவிட்டேன். மாடியில் கொண்டுபோய் வெயிலில் விரித்தோம். டாக்டரிடம் நூல் தீர்ந்துவிட்டது என்று அம்மா சொல்லி இரண்டு நாள் தவணை வாங்கினார். ஐந்து கோட்டுகள் வெளுத்துவிட்டன. ஆறாவதில் நெஞ்சுப் பக்கம் ஒரு சின்னக் கை, ஐந்து விரலும் தெளிவாக, போகவே மாட்டேன் என்று நின்றது. அம்மா அதன் மேல் ஒரு பெரிய பாக்கெட் வைத்துத் தைத்துவிட்டார். நேற்று டாக்டர் வந்தார். ஆறையும் வரிசையாகப் பார்த்தார்.

"இந்த ஒண்ணுல மட்டும் ஏங்க பாக்கெட் இவ்வளவு பெருசு?"

"கத்தி கித்தி வெச்சுக்க வசதியா இருக்கும்னு..." என்றார் அம்மா.

"நான் பல் டாக்டருங்க. என்கிட்ட ஏது கத்தி?" என்று சொல்லிக்கொண்டே பாக்கெட்டுக்குள் எட்டிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். "ஐஸ் கட்டிக்கே நான் ஒண்ணும் சொல்லல, இதுக்கா சொல்லப் போறேன்? பிரிச்சுடுங்க, கை வெளியவே இருக்கட்டும். மூடி வெச்சாத்தான் எல்லாரும் என்னன்னு பாப்பாங்க" என்றார். அம்மா என்னைப் பார்த்தார். நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா தரையைப் பார்த்தார்.

வேறு சில சிறு செய்திகள். வெள்ளிக்கிழமை அப்பா வீட்டில் உள்ள ஏழு குழாய்களுக்கும் வாஷர் மாற்றி இறுக்கிவிட்டார். விசேஷக் காரணம் எதுவும் இல்லை, தண்ணீரைச் சேமிப்பது நல்ல பழக்கம். அன்று சாயங்காலம் போனில் பேசும்போது அப்பா ஏன் விடாமல் இருமுகிறார் என்று கேட்டீர்கள். அவருக்கு இருமல் இல்லை. அதாவது இருந்தது, இப்போது இல்லை. குரல் ஏன் அமுங்கிக் கேட்கிறது என்றும் கேட்டீர்கள். துணி அலமாரிக்குள் உட்கார்ந்து பேசினால் சத்தம் இல்லாமல் இருக்கும் என்பதால் அங்கே உட்கார்ந்திருந்தோம், நால்வரும். இரண்டு மூன்று நாளாக நான் அம்மாவை 'தையல்காரரே' என்று கூப்பிடுகிறேன். "தையல்காரரே, பசிக்குது" என்று நேற்றுக் கூப்பிட்டதற்கு, "அளவு குடுத்துட்டுப் போங்க, சனிக்கிழமை சாப்பாடு ரெடி பண்றேன்" என்றார். இதுவும் ஒரு விளையாட்டுத்தான். நேற்று நூலகத்துக்குப் போய் அந்தக் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தையும் படித்தேன். அதில் குறிப்பிடும்படி ஒன்றும் இல்லை.

ஆகவே சித்தி, வண்ண விளையாட்டுகளை இத்தோடு நிறுத்திவிட்டோம். கரண்டியை அம்மா வாங்கிப் பூட்டி வைத்துவிட்டார். உருளையைத் தேய்த்துக் குளிப்பாட்டியதில் பெரும்பாலும் பழைய நிறத்துக்கு வந்துவிட்டாள், காதுக்குப் பின்னால் மட்டும் கொஞ்சம் மாலை வெயில் இருக்கிறது. நீங்கள் கவலைப்படாமல் படித்து, தேர்வில் தேறி, வெள்ளிக்கிழமை தொப்பியோடு வந்து இறங்குங்கள். உங்களிடம் கொடுத்த வாக்கு காப்பாற்றப்பட்டது. உருளை இன்னும் எதுவும் பேசவில்லை. இதைக் கடிதத்தில் மூன்று தடவையாவது எழுது, அப்போதுதான் நம்புவாள் என்று அப்பா சொன்னார். எண்ணிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

அம்மாவும் அப்பாவும் தங்கள் அன்பைச் சொல்லச் சொன்னார்கள். உங்கள் பாதையில் எல்லாப் பயணிகளும் டிக்கெட் எடுத்திருக்கட்டும், எடுக்காதவர்கள் உங்களிடம் சண்டை போடாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் சொல்லைத் தட்டாத,
புலவர்

பின்குறிப்பு: சித்தி, மேலே எழுதியதையெல்லாம் ஒருமுறை திருப்பிப் படித்தேன். அம்மா தைத்த பாக்கெட் மாதிரியே இருக்கிறது. பெரிதாக இருக்கிறது, எதையோ மூடியிருக்கிறது என்று பார்த்ததுமே தெரிகிறது. நீங்கள் முதல் வரியிலேயே என்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கிவிட்டிருப்பீர்கள். அதனால் டிக்கெட் எடுத்துவிடுகிறேன்.

உருளை பேசிவிட்டாள். வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. எல்லாரும் மூச்சு விடாமல் நின்றோம் என்று எழுதினேன் அல்லவா, அப்போது அவள் நெற்றியிலிருந்து வழிந்த கூழைத் துடைத்துக்கொண்டு, கோட்டின் ஓரத்தைச் சுட்டிக்காட்டி, "சொட்டு" என்றாள். மழலைகூட இல்லை, ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்தில் இருந்தது. அப்பா கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, "என் வார்த்தை, அது என் வார்த்தை" என்று அழுதார். அம்மா, "வாயை மூடுங்க, இது தெரிஞ்சா அவ அங்க உக்காந்து அழுவா" என்று சொல்லிவிட்டுத் தானும் அழுதார். யாரும் வெளியே சொல்வதில்லை என்று முடிவானது. ஆனால் அன்றிலிருந்து எங்கே எது சொட்டினாலும் அவள் அறிவிக்கிறாள். குழாய்கள், அலமாரி, இருமல் எல்லாம் அதற்காகத்தான். இரண்டாம் பக்கத்தின் முதல் வரியையும் சொல்லிவிடுகிறேன்: 'இவ்வாறு சில நாட்கள் மௌனமாகக் கவனித்த குழந்தை, தான் கவனித்ததையே தன் முதல் சொல்லாகச் சொல்லத் தொடங்கும்.' நூலகர் சாவியை ஆட்டுவதற்கு முன்பே நான் இதையும் படித்திருக்க வேண்டும். தவறு என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று மட்டும் என்னால் செய்ய முடிந்தது. கேட்பதைத் திருப்பிச் சொல்கிறாள் என்று தெரிந்ததும், அவள் காது கேட்க அம்மா என்ற சொல்லை இந்த வீட்டில் நிறுத்திவிட்டேன். எழுதலாம், அவளுக்குப் படிக்கத் தெரியாது. அப்பாகூட என்னிடம் "சரிம்மா" என்று சொல்வதை விட்டுவிட்டு "சரி ஐயா" என்கிறார். இன்றோடு நான்காவது நாள், அந்தச் சொல்லை இங்கே யாரும் வாயால் தொடவில்லை. மூடி திறக்காமல் உங்களுக்காக அப்படியே இருக்கிறது. வெள்ளிக்கிழமை முதல் பஸ்ஸிலேயே வாருங்கள் சித்தி. நேற்றுக் கதவில் விரல் நசுங்கிவிட்டது, "தையல்காரரே" என்று கத்தினேன், வலி குறையவே இல்லை. உருளை உங்களைப் பார்த்து அதைச் சொல்லி முடித்ததும் எனக்கும் அந்தச் சொல் வேண்டும்.